சீலியாக் சோதனை முடிவு தெளிவாக வராதபோது கோதுமையை நிறுத்தலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லி மயூர் விஹாரில் குடியிருக்கும் எங்கள் வீட்டில், 13 வயது மகளுக்குச் சீலியாக் நோய் இருக்கிறதா இல்லையா என்பது தெரிய ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அதில் பாதிக் காலம் நாங்களே செய்த தவறால் வீணானது. இரத்தப் பரிசோதனை எல்லைக்கோட்டில் வந்த அன்றே, பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்து, எண்டோஸ்கோப்பிக்கு (வாய்வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) தேதி வாங்குவதற்கு முன்பாகவே கோதுமையை நிறுத்திவிட்டோம்.

அதன்பின் கொலுவுக்கு வருகிறவர்களும், மலை மந்திர் வாசலில் பார்க்கிறவர்களும், யார் யாரோ எண் கொடுத்துத் தொலைபேசியில் அழைக்கிறவர்களும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்க இது உதவினால் போதும்.

"சீலியாக் என்பது கோதுமை அலர்ஜிதானே? இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்."

தில்லியில் மருந்துக்கடைக்காரர்கூட 'கேஹூன் கீ அலர்ஜி' என்றுதான் சொல்வார். ஆனால் இரண்டும் வேறு. சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அதனால்தான் வயிற்றுப்போக்கே இல்லாதவர்களிடமும் இந்த நோய் இருக்கலாம். எத்தனை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறாத ஹீமோகுளோபின், வயதுக்கேற்ற உயரமின்மை, எலும்புத் தேய்வு என்று வேறு வழியில் அது வெளிப்படும். எங்கள் மகளுக்கு இருந்ததும் இரத்தசோகை ஒன்றுதான்.

கோதுமை அலர்ஜி என்பது சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உடம்பு தடிப்பது, உதடு வீங்குவது, மூச்சுத் திணறுவது. இப்படி ஆகிறவர்கள் 'சோதனை முடியும்வரை சாப்பிடுங்கள்' என்று நான் கீழே சொல்வதைப் பின்பற்றவே கூடாது. உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"நாம் சோறு சாப்பிடுகிறவர்கள். இது பஞ்சாபிக்காரர்களுக்கு வரும் நோய் இல்லையா?"

இந்தக் கேள்விக்கு நாட்டிலேயே ஆய்வு நடந்து விடை கிடைத்திருக்கிறது. 2016-ல் வெளியான பல மாநில ஆய்வொன்றில், சீலியாக் தொடர்பான எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் காணப்பட்டவர்கள் வட இந்தியாவில் 1.23 சதவீதம், தென்னிந்தியாவில் 0.10 சதவீதம். ஆனால் இந்த நோய்க்கு அடிப்படையான மரபணு வகை வடக்கில் 38.1 சதவீதத்தினருக்கும் தெற்கில் 36.4 சதவீதத்தினருக்கும் இருந்தது; அதாவது கிட்டத்தட்ட சமம். மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு கோதுமையின் அளவில் இருந்தது: வடக்கில் நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

ஆக, வித்தாகிய மரபணு நம்மிடமும் இருக்கிறது; தட்டில் விழும் கோதுமைதான் குறைவாக இருந்தது. தில்லிக்கு வந்து, பள்ளி டிபன் டப்பாவில் பராட்டா, இரவில் சப்பாத்தி, மாலையில் பிஸ்கட் என்று பழகிவிட்ட நம் பிள்ளைகளுக்கு 'நமக்கெல்லாம் வராது' என்ற உறுதியை யாரும் தர முடியாது. தமிழர் என்பதாலேயே இந்தச் சந்தேகம் மருத்துவருக்குத் தாமதமாகத் தோன்றுவதும் உண்டு. அப்போது நாமே கேட்கலாம்.

"டிடிஜி பார்டர்லைனில் வந்திருக்கிறது. இன்றிலிருந்தே கோதுமையை நிறுத்திவிட்டால் நல்லதுதானே?"

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

சீலியாக்கை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையும் பயாப்ஸியும், குளூட்டன் உள்ளே போவதால் உடலில் உண்டாகும் விளைவைத்தான் அளக்கின்றன. இரத்தத்தில் பார்க்கும் டிடிஜி என்பது அந்தத் தாக்குதலின்போது உருவாகும் எதிர்ப்புப் புரதம். எண்டோஸ்கோப்பியின்போது குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து ஆராயும் பயாப்ஸியில் பார்ப்பது அந்தத் தாக்குதலால் குடலில் ஏற்பட்ட சிதைவு. கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்புப் புரதம் மாதக்கணக்கில் படிப்படியாக இறங்கும். குடலும் மெல்ல ஆறத் தொடங்கும். நோய் அப்படியே இருக்கும், ஆனால் அதைக் காட்டும் தடயம் அழிந்துவிடும். எங்கள் மகளுக்கு டிடிஜி, இயல்பு அளவின் மேல் எல்லையைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. கோதுமையை நிறுத்தி 5 மாதம் கழித்துச் செய்த பயாப்ஸி இயல்பாக வந்தது. நோய் இல்லாததால் இயல்பாக வந்ததா, 5 மாதத்தில் ஆறியதால் வந்ததா என்று கேட்டோம். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் அதற்கு விடை சொல்ல முடியவில்லை.

ஆகவே எண்டோஸ்கோப்பி முடிந்து, போதுமான மாதிரி எடுத்தாயிற்று என்று மருத்துவர் சொல்லும்வரை, வழக்கமாகச் சாப்பிடும் கோதுமையைச் சாப்பிட்டு வருவதே சரி. தேதி தொலைவில் இருந்தால் தேதியை முன்னால் கொண்டுவரப் போராடுங்கள், உணவை மாற்றாதீர்கள்.

"கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பி வலிக்கிறது. தெரிந்தே எப்படிச் சாப்பிடுவது? அதற்குள் குடல் கெட்டுவிடாதா?"

இந்தப் பயம் நியாயமானது. ஒரு தாயாக நானும் அதைப் பட்டிருக்கிறேன். சீலியாக்கின் கடுமையான பின்விளைவுகள், நோய் கண்டறியப்படாமலே ஆண்டுக்கணக்கில் கிடப்பதால் வருகிறவை. பரிசோதனைக்காகக் காத்திருக்கும் சில வாரங்கள் அந்தக் கணக்கில் பெரிதாக எதையும் சேர்த்துவிடுவதில்லை. மாறாக, விடை தெரியாமல் போனால் அது வாழ்நாள் முழுவதும் தொடரும்.

கோதுமை முற்றிலும் நிற்காமல் இருந்தால் போதும். வயிறு புடைக்கச் சாப்பிட வேண்டியதில்லை. பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2015-ல் தந்த வழிகாட்டுதல்படி, பரிசோதனைக்கு முந்தைய 6 வாரமாவது நாள்தோறும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் உள்ள உணவு இருக்க வேண்டும். எது வயிற்றுக்கு இதமாக இருக்கிறதோ அந்த வடிவில் எடுத்துக்கொள்ளலாம்: சிலருக்குப் பராட்டா ஒத்துக்கொள்ளாது, ரவை உப்புமா ஒத்துக்கொள்ளும். ஆனால் எடை மளமளவென்று குறைகிறது, வயிற்றுப்போக்கால் நீரிழந்து போகிறார், கர்ப்பமாக இருக்கிறார், குழந்தை எதையும் உண்ண மறுக்கிறது என்ற நிலை இருந்தால் நீங்களாகத் தாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் சொல்லி, பயாப்ஸியை உடனே வைக்க முடியுமா, முடியாவிட்டால் என்ன செய்வது என்று கேளுங்கள்.

"அம்மாவிடம் ஊருக்குப் போனால் உடம்பு தானாகச் சரியாகிவிடுகிறது. தில்லித் தண்ணீர்தான் காரணம் என்கிறார் அம்மா. அப்படியும் இருக்குமா?"

இந்தக் கேள்வியை நான்கு வீடுகளிலாவது கேட்டிருக்கிறேன். தண்ணீராகவும் இருக்கலாம்; ஜியார்டியா போன்ற கிருமி இருந்தால் மலப் பரிசோதனை அதைக் காட்டும். ஆனால் கும்பகோணத்தில் அம்மா வீட்டில் இட்லி, சோறு, அடை என்று ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினால், ஒருவர் தம்மை அறியாமலே கோதுமையை ஏறத்தாழ விட்டிருக்கிறார் என்று பொருள். கோடை விடுமுறை முடிந்து வந்த உடனே எடுக்கும் டிடிஜி, விடுமுறைக்கு முன்னால் எடுத்ததைவிடக் குறைவாக இருந்தால் வியப்பதற்கில்லை. மருத்துவர் தாமாக இதைக் கேட்கமாட்டார். ஊருக்குப் போனதையும், அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும்.

"பணம் கட்டிப் பரிசோதனை செய்தும் 'தெளிவாக இல்லை' என்று ஏன் வருகிறது?"

முதல் காரணம், மேலே சொன்னதுபோல் கோதுமை போதாமை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சப்பாத்தி செய்யும் தமிழ் வீட்டுக்காரர், தாம் கோதுமை சாப்பிடுவதாகவே மருத்துவரிடம் சொல்வார். மருத்துவரோ இங்கே எல்லாரும் சாப்பிடுவதுபோல மூன்று வேளையும் என்று எடுத்துக்கொள்வார். எண்ணிக்கையாகச் சொல்லுங்கள்: வாரத்துக்கு எத்தனை நாள், நாளைக்கு எத்தனை சப்பாத்தி.

இரண்டாவது, மொத்த ஐஜிஏ. ஐஜிஏ என்பது இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்களில் ஒருவகை; வழக்கமான டிடிஜி பரிசோதனை அந்த வகையைத்தான் அளக்கிறது. உடலில் ஐஜிஏ-வே மிகக் குறைவாக இருந்தால், நோய் இருந்தாலும் டிடிஜி இயல்பாகத்தான் வரும். சீலியாக் உள்ளவர்களில் 100-க்கு 2 அல்லது 3 பேர் இப்படிப்பட்டவர்கள். அதனால் டிடிஜியோடு மொத்த ஐஜிஏ-வும் பார்க்கப்பட்டதா என்று அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஐஜிஏ குறைவு என்றால் ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் பரிசோதனைகள் செய்வார்கள்.

மூன்றாவது, பயாப்ஸி எடுத்த விதம். இந்தச் சிதைவு குடல் முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. திட்டுத் திட்டாக இருக்கலாம். அதனால் முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டு, அதைத் தாண்டிய பகுதியிலிருந்து குறைந்தது நான்கு என்று மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். எங்கள் மகளின் முதல் அறிக்கையில் இரண்டு துண்டு என்று மட்டுமே இருந்தது. பின்னால் ஒருவர் சுட்டிக்காட்டும்வரை அந்த வரியை நாங்கள் கவனிக்கவே இல்லை. இவை போக, ஒவ்வொரு ஆய்வகமும் வேறு வேறு கிட் பயன்படுத்துவதால் ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. அந்தந்த ஆய்வகத்தின் மேல் எல்லையைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

"இரத்தத்தில் பாசிட்டிவ், பயாப்ஸி நார்மல். எதை நம்புவது?"

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கோதுமையை நிறுத்தாமல், மாதிரிகளும் போதுமான அளவில் எடுத்து, அப்படியும் குடல் இயல்பாக இருந்தால் மருத்துவர்கள் அதற்கு 'பொட்டென்ஷியல் சீலியாக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவர்களில் சிலருக்குப் பின்னால் சிதைவு உண்டாகிறது. சிலருக்கு எதிர்ப்புப் புரதம் தானாகவே மறைந்துவிடுகிறது. சிலர் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள்.

எந்தத் தொல்லையும் இல்லாதவர் வழக்கமான உணவோடு இருந்து, 6 மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு வருவது ஏற்கப்பட்ட வழி. இரத்தசோகையோ, வளர்ச்சிக் குறைவோ, தொடர்ந்த வயிற்றுத் தொல்லையோ இருந்து அதற்கு வேறு காரணமும் கிடைக்கவில்லையென்றால், குளூட்டன் இல்லாத உணவைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். டிடிஜி குறைவான அளவில் மட்டும் இருந்தால் ஈஎம்ஏ என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை உதவும். அது பாசிட்டிவ் ஆனால் சந்தேகம் வலுக்கிறது.

"எனக்கு நேர்மாறு. இரத்தத்தில் ஒன்றுமில்லை, பயாப்ஸியில் சிதைவு என்கிறார்கள்."

இந்த நிலையில் அவசரப்பட்டுச் சீலியாக் என்று முத்திரை குத்திக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் குடலுறிஞ்சிகள் தேய்வதற்கு நம் நாட்டில் வேறு காரணங்கள் பல உண்டு. டிராப்பிக்கல் ஸ்ப்ரூ என்ற நோய் ஏறத்தாழ இதே தோற்றத்தைத் தரும். அதற்கு ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் மருந்து, கோதுமையை விடுவதால் அது தீராது. ஜியார்டியா கிருமி, குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய், நோய் எதிர்ப்புக் குறைபாடு ஆகியவையும் காரணமாகலாம். இரத்த அழுத்தத்துக்குப் பலர் சாப்பிடும் ஒல்மிசார்ட்டான் என்ற மாத்திரையும் இப்படிச் செய்யக்கூடும் என்பது 2012-ல் வெளிப்பட்டது. வீட்டுப் பெரியவருக்கு என்றால் மாத்திரைப் பட்டியலை முழுதாக மருத்துவரிடம் காட்டுங்கள்.

மொத்த ஐஜிஏ பார்த்தாயிற்றா என்ற கேள்வி இங்கே மறுபடியும் முக்கியம். முழங்கை, முழங்கால், பிட்டத்தில் கடுமையாக அரிக்கும் சிறு கொப்புளங்கள் இருந்தால் அதையும் காட்டுங்கள். சீலியாக்கின் தோல் வடிவம் ஒன்று உண்டு, அதைத் தோல் பயாப்ஸியாலேயே உறுதிப்படுத்திவிடலாம்.

"அறிக்கையில் 'மார்ஷ் 1' என்று இருக்கிறது. அப்படியென்றால் தொடக்க நிலைதானே?"

அவசியமில்லை. மார்ஷ் என்பது பயாப்ஸியில் தெரியும் குடல் மாற்றத்தைத் தரம் பிரிக்கும் அளவுகோல். மார்ஷ் 1 என்றால் குடலுறிஞ்சிகள் தேயவில்லை, உட்சுவரில் ஒருவகை வெள்ளணுக்கள் மட்டும் அதிகமாக இருக்கின்றன என்று பொருள். இரைப்பையில் தங்கும் ஹெச். பைலோரி கிருமி, வலி நிவாரண மாத்திரைகள், அண்மையில் வந்துபோன தொற்று என எதனாலும் அது வரலாம். தேய்வு தொடங்குவது மார்ஷ் 3-ல். மார்ஷ் 1-ஐ மட்டும் வைத்துக்கொண்டு வாழ்நாள் பத்தியம் தொடங்க வேண்டாம்.

"எச்எல்ஏ என்ற மரபணுச் சோதனை செய்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்களே?"

இல்லை என்று சொல்லத்தான் அது உதவும். உண்டு என்று சொல்ல உதவாது. டிகியூ2, டிகியூ8 என்ற இரண்டு மரபணு வகைகளும் இல்லாதவருக்குச் சீலியாக் இருப்பது மிக மிக அரிது. அவருக்கு வேறு காரணத்தைத் தேடலாம். ஆனால் அந்த வகை இருப்பதால் மட்டும் ஒன்றும் நிரூபணமாகாது. மேலே சொன்ன ஆய்வின் கணக்குப்படி 100 தென்னிந்தியரில் 36 பேருக்கு அது இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயின்றியே இருக்கிறார்கள்.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. எச்எல்ஏ முடிவு உணவால் மாறாது. ஏற்கெனவே கோதுமையை நிறுத்திவிட்டவர்கள் வேறு எதையும் தொடங்குமுன் இதைச் செய்துகொண்டால், பலருக்கு அடுத்த கேள்வியில் வரும் சோதனையே தேவைப்படாமல் போகலாம்.

"நாங்கள் 6 மாதத்துக்கு முன்பே நிறுத்திவிட்டோம். இனி என்ன செய்வது?"

எங்கள் நிலையும் இதுதான். எச்எல்ஏ பாசிட்டிவ் என்றால், மருத்துவர் மேற்பார்வையில் கோதுமையைத் திரும்பத் தொடங்கி, பின்னர் பரிசோதிக்க வேண்டும். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்களின் 2013 வழிகாட்டுதல், நாளைக்கு 3 கிராம் குளூட்டன் வீதம் 2 வாரம், தாங்க முடிந்தால் 8 வாரம்வரை நீட்டிப்பது என்று கூறியது. 30 கிராம் ஆட்டாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். ஆகவே நாளைக்கு 2 சப்பாத்தி போதும்.

எங்கள் வீட்டில் சமையலறை எடைத்தராசில் மாவை நிறுத்து, தனியாக உருண்டை பிடித்து வைப்பேன். சாப்பிட்டு முடித்ததும் மகளே நாள்காட்டியில் ஒரு கோடு போடுவாள். வயிறு வலித்த நாளில் கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி. முதல் பத்து நாளில் புள்ளிகள் நிறைய, பிறகு குறைந்துவிட்டன. புள்ளி குறைந்ததைப் பார்த்து நோயே இல்லை போலிருக்கிறது என்று நாங்கள் மகிழ்ந்தோம். 8 வார முடிவில் ஆறு மாதிரி எடுத்துச் செய்த பயாப்ஸியில் மார்ஷ் 3ஏ, அதாவது குடலுறிஞ்சிகளில் தேய்வு, என்று வந்தது. வயிறு வலிக்கவில்லை என்பதைக் குடல் நன்றாக இருப்பதன் அடையாளமாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளித் தேர்வு, பயணம், பிரசவம் நெருங்கும் காலம் ஆகியவற்றில் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ள வேண்டாம். சிலரால் இரண்டாவது வாரத்தைத் தாண்ட முடியாது. அப்போது மருத்துவர் அதுவரை போதும் என்று பரிசோதித்துவிடுவார்.

"நிறுத்தியதும் உடம்பு நன்றாகிவிட்டது. இதைவிட வேறு நிரூபணம் வேண்டுமா?"

வேண்டும். கோதுமையில் குளூட்டன் மட்டுமல்ல, ஃபிரக்டான் என்ற ஒருவகை மாவுச்சத்தும் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள அதே பொருள். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு அது வாயுவையும் உப்புசத்தையும் உண்டாக்கும். கோதுமையை நிறுத்தும்போது பிஸ்கட், சமோசா, நூடுல்ஸ், கடைக் கேக் எல்லாமே சேர்ந்து நின்றுவிடுவதால் யாருக்குமே வயிறு இலேசாகத்தான் இருக்கும். சீலியாக் இல்லாமலே குளூட்டனால் தொல்லைப்படுகிறவர்களும் உண்டு.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், சீலியாக்கும் அலர்ஜியும் இல்லாமல் கோதுமை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர் எப்போதாவது ஒரு சமோசா சாப்பிட்டால் அன்று வயிறு உப்பும், அவ்வளவுதான். சீலியாக் உள்ளவர் அப்படிச் செய்யக் கூடாது. துணுக்கு அளவும் குடலைக் கெடுக்கும், எலும்பையும் இரத்தத்தையும் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும், கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்ற உணர்வு இவற்றில் எதையும் நமக்குச் சொல்லாது.

"பிள்ளைகளுக்கும் பயாப்ஸி வேண்டுமா? பார்க்கவே பயமாக இருக்கிறது."

எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய்ச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி, டிடிஜி மேல் எல்லையைப் போல 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இரண்டாவது இரத்த மாதிரியில் ஈஎம்ஏ-வும் பாசிட்டிவ் என்றால், பெற்றோருடன் கலந்துபேசி பயாப்ஸி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம். உங்கள் பிள்ளையின் எண் ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு என்று இருந்தால் இந்தச் சலுகை பொருந்தாது, பயாப்ஸிதான் வழி. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளிடம் சற்றே உயர்ந்த டிடிஜி சில நேரம் தானாக இறங்கிவிடுவதும் உண்டு. அவர்கள் விஷயத்தில் பொறுமை இன்னும் தேவை.

பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள். எங்கள் மகள் இரண்டு முறையும் கண் விழித்ததும் கேட்டது, எப்போது சாப்பிடக் கொடுப்பீர்கள் என்பதுதான்.

"உறுதியாகத் தெரியாவிட்டால் என்ன, வாழ்நாள் முழுவதும் கோதுமை இல்லாமல் இருந்துவிட்டுப் போகிறோம். என்ன நஷ்டம்?"

நமக்குச் சோறும் இட்லியும் இருக்கும்போது எளிதுதானே என்று தோன்றும். ஆனால் வீட்டுக்குள் எளிது. வாசலைத் தாண்டினால் எளிதல்ல. பள்ளிச் சுற்றுலா, கல்லூரி விடுதி, அலுவலக விருந்து, இரயில் பயணம், கல்யாணப் பந்தி என ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டே ஒரு பிள்ளை வளர வேண்டும். பெண்பிள்ளை என்றால் வரன் பார்க்கும் இடத்தில் கேட்கப்படும் கேள்விகளையும் நம் வீடுகள் அறியும். நோய் உறுதியானால் இவ்வளவையும் தைரியமாகச் சுமக்கலாம், சுமக்கத்தான் வேண்டும். இல்லாத நோய்க்காக ஏன் சுமக்க வேண்டும்?

இன்னொன்று, உறுதியில்லாத பத்தியம் நிலைக்காது. சந்தேகத்தில் தொடங்கியவர்கள் இரண்டாவது ஆண்டில் 'அப்படியொன்றும் இல்லை போல' என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே நோய் உள்ளவருக்கு அதுதான் ஆபத்து.

"எல்லாம் செய்து பார்த்தாயிற்று, கோதுமை சாப்பிட்டே செய்தோம், இன்னமும் தெளிவில்லை. இப்போதாவது நிறுத்தலாமா?"

இப்போது நிறுத்துவது நியாயமான முடிவாக இருக்கலாம். ஏனென்றால் இனி அழிப்பதற்குத் தடயம் எதுவும் பாக்கியில்லை. நான் பார்த்தவரை, குடல் சிதைவுக்கு வேறு காரணம் தேடி இல்லையென்று ஆகி, எச்எல்ஏ பாசிட்டிவாகவும் இருந்து, இரத்தசோகை, எடை, வளர்ச்சி போன்று அளக்கக்கூடிய ஒரு குறையும் இருந்தால் மருத்துவர்கள் ஓராண்டு காலம் கண்டிப்பான பத்தியம் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். தொடங்கும் நாளன்று ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), பி12, வைட்டமின் டி, எடை, உயரம், டிடிஜி எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு கழித்து மறுபயாப்ஸி உட்பட அதே எண்களைத் திரும்பப் பார்க்க வேண்டும். குடல் ஆறியிருந்தால் அது வலுவான சான்று. ஒன்றும் மாறவில்லையென்றால் பத்தியத்தை நிறுத்திவிட்டு வேறு காரணத்தைத் தேடலாம்.

அளக்கக்கூடிய குறை எதுவும் இல்லாமல் உப்புசம் மட்டும் இருந்தால், காத்திருந்து கவனிப்பதே நல்லது என்று நான் சொல்வேன்.

"அப்படி ஓராண்டு நிறுத்துவதென்றால், சப்பாத்தியும் ரொட்டியும் நிறுத்தினால் போதுமா?"

போதாது, அரைகுறைப் பத்தியம் மேலே சொன்ன சோதனையையே பாழாக்கிவிடும். ரவை, சேமியா, சம்பா கோதுமை, தலியா, மைதா எல்லாம் கோதுமையே. மால்ட் கலந்த பானப் பொடிகளில் பார்லி இருக்கும். நம் வீட்டில் யாரும் சந்தேகப்படாத பொருள் பெருங்காயம்: கூட்டுப் பெருங்காய டப்பாவின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் கோதுமை மாவு அல்லது மைதா என்று இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். தினமும் சாம்பாரிலும் இரசத்திலும் போவது அது. அரிசி மாவு கலந்த வகை கிடைக்கிறது. இல்லையென்றால் ஓராண்டு பெருங்காயம் இல்லாமலே சமைக்கலாம்.

அடுத்தது ஆட்டா சக்கி என்ற மாவு மில். நம் தெருமுனைச் சக்கியில் கோதுமை அரைத்த அதே கல்லில்தான் கடலை மாவும் கேழ்வரகும் அரைபடும். தில்லியில் நவராத்திரி விரதத்துக்கு விற்கும் குட்டு, சிங்காடா மாவுகள் இயல்பில் குளூட்டன் அற்றவை. அரைத்த இடத்தால் கெட்டுப்போகும். ஆகவே மாவை வீட்டு மிக்ஸியில் அரையுங்கள், அல்லது குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பொட்டலம் வாங்குங்கள். அப்படி அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. சப்பாத்திக் கல்லில் தோசை வார்க்கக் கூடாது.

"வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறோம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?"

அறிக்கைக் காகிதம் மட்டும் போதாது. பயாப்ஸி செய்த இடத்தில் குடல் துணுக்கு வைத்த ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். வேறொரு நிபுணர் அதே ஸ்லைடைப் பார்த்து வேறு முடிவு சொல்வது இந்த நோயில் அரிதல்ல. இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அந்தச் சமயத்தில் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா, எவ்வளவு என்று பென்சிலால் எழுதுங்கள். கோதுமையை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், எந்தத் தேதியில் திரும்பத் தொடங்கினீர்கள், ஊருக்குப் போன நாட்கள் எவை என்பதைத் தனித்தாளில் குறியுங்கள். எங்கள் கோப்பில் முதலில் இருப்பது கோடும் புள்ளியும் போட்ட அந்த நாள்காட்டித் தாள்கள்தான்; இரண்டாவது மருத்துவர் மற்ற அறிக்கைகளைத் திறக்குமுன் அவற்றைத்தான் வாங்கிப் பார்த்தார்.